டைரி மாற்றும் நாள்

ஜனவரி முதல் வாரத்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் டைரி மாற்றும் நாள். இன்ஷூரன்ஸ் முகவராக இருந்த சித்தப்பா தரும் புது டைரியை அப்பா மேசையில் விரித்துக்கொள்வார். பழைய டைரி என் கையில் இருக்கும். நான் வாசிக்க வாசிக்க அவர் எழுதுவார். உறவினர் முகவரி, பின்கோடு, மின் இணைப்பு எண், ரேஷன் கார்டு எண், பாலிசி எண், தாத்தா பாட்டியின் திதி எல்லாம் அன்றே புதுசில் ஏறியாக வேண்டும். சில பெயர்களில் பேனா நிற்கும். "அவர் இப்ப திருச்சியில இல்லம்மா, பையனோட ஓசூர் போயிட்டார். இந்த அட்ரஸ் வேண்டாம், விட்டுடு" என்பார். அந்த வருடம் இறந்தவரின் பெயர் வந்தால் முகவரிப் பக்கத்தில் எழுதமாட்டார். கடைசிப் பக்கத்துக்குத் திருப்பித் திதிப் பட்டியலில் சேர்த்துவிடுவார். ஒரு பிற்பகல் முழுக்க இதற்கே போய்விடும். ஆனால் யார் கண்ணும் படாமல் ஒரு வரிகூட அந்தப் பக்கம் போனதில்லை, இந்தப் பக்கம் விடுபட்டதும் இல்லை.

இப்போது செல்பேசியில் ஒரு குறிப்புச் செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சில நிமிடம் போதும். ஒரு பக்கம் எக்ஸ்போர்ட், மறுபக்கம் இம்போர்ட். எது வந்தது, எது வரவில்லை என்று தேடத்தான் வாரக்கணக்கில் ஆகிறது.

தமிழில் எழுதி வைத்தவர்களுக்கு இந்தப் பாடு செயலிகள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். கணினிக்குள் சேமிக்கப்பட்டிருந்தது ஆங்கில எழுத்துகள்தாம். திரையில் தெரிந்த உருவம் மட்டுமே தமிழ். பாமினிக்கு ஒரு குறியீட்டு முறை, டிஸ்கிக்கு இன்னொன்று, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த டேம், டேப் இரண்டும் வேறு. யூனிகோடு 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. ஆனாலும் அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்க 2010 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பேருடைய கதைக் குறிப்புகளும் குடும்ப வரலாறுகளும் சமையல் அளவுகளும் படிக்க முடியாத குறிகளாக ஃபிளாப்பியில் கிடந்து போயிருக்கும்! எழுத்துரு மாற்றிகளைச் சொந்த நேரத்தில் எழுதி இலவசமாகக் கொடுத்த தமிழ்க் கணிமை ஆர்வலர்களுக்கு நாம் உரிய நன்றியைச் சொல்லவே இல்லை.

யூனிகோடு வந்த பிறகு எழுத்து சிதைவது நின்றது. அதன் பிறகு எழுதி வைத்த இடமே மூடத் தொடங்கியது. கூகுள் நோட்புக் 2006-இல் வந்து 2012-இல் மூடப்பட்டது. ஸ்பிரிங்பேட் 2014-இல் போயிற்று, வுண்டர்லிஸ்ட் 2020-இல். 2008 முதல் பலர் நம்பி எழுதி வந்த எவர்நோட், 2023 இறுதியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு என்று வரம்பு வைத்தது. நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு அவரவர் கணக்கு இருக்கும். எழுதினவருக்கு மூட்டை கட்டும் வேலை.

நானும் செயலி மாறினேன். அப்படி மாற்றிய குறிப்புகளில் அப்பாவின் கடைசி இரண்டு ஆண்டுகள் இருந்தன. அவருக்குச் சர்க்கரை எவ்வளவு, இன்சுலின் எத்தனை யூனிட், எந்த மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னார், அன்று என்ன சாப்பிட்டார், யாரைக் கேட்டார் என்று அன்றன்றைக்குத் தட்டியவை. புதுச் செயலிக்குள் எல்லாச் சொற்களும் பத்திரமாக வந்துவிட்டன. ஆனால் அத்தனை குறிப்பும் நான் இம்போர்ட் செய்த தேதியைச் சுமந்துகொண்டு நின்றன. அவர் நடமாடிய மாதமும் படுக்கையில் கிடந்த மாதமும் ஒரே நாளில் எழுதியவைபோல் கலந்து கிடந்தன. எண்களை வைத்துக்கொண்டு எது முன், எது பின் என்று சொல்ல முடியவில்லை. அன்று நான் அழுதேன்.

அண்ணன் மகன் பழைய செயலி தந்த கோப்பைத் திறந்து பார்த்தான். "அத்தை, தேதி எங்கயும் போகல. ஃபைலுக்குள்ளயே இருக்கு பாருங்க." இருந்தது, 16 இலக்க எண்ணாக. 1970 ஜனவரி 1 தொடங்கிக் கழிந்த மைக்ரோ விநாடிகளின் கணக்கு அது. கூகுள் கீப் குறிப்புகளை டேக்அவுட் வழியாக எடுத்தாலும் ஜேசான் கோப்பில் இப்படித்தான் இருக்கும். எவர்நோட்டின் எனெக்ஸ் கோப்பில் தேதி வேறு வடிவில் இருக்கும். அனுப்பியவர் கொடுத்ததை வாங்கியவர் படிக்கவில்லை, அவ்வளவுதான். அவன் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதி, ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் அதற்குரிய தேதியைப் போட்டான். அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. அந்தக் கணக்கு உலகப் பொது நேரத்தில் ஓடுவது. நம் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாவிட்டால், விடியற்காலை 5 மணிக்கு வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை முந்தைய நாளுக்குப் போய்விடும். அப்பாவுக்கு அந்த நேரத்தில்தான் பார்ப்போம்.

எழுதினவர் தன் குறிப்பை முழுசாக எடுத்துக்கொண்டு போக உரிமை வேண்டும் என்று நான் கேட்பது புதிதல்ல. ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, ஒருவர் தந்த தனிப்பட்ட தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் அவரிடமே தரச் சொல்கிறது. நம் நாட்டிலும் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவில் இது இருந்தது, 2019 மசோதாவிலும் இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் இல்லை. திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். எடுத்துக்கொண்டு போகும் உரிமை விடுபட்டுவிட்டது. அது திரும்ப வர வேண்டும்.

அதுவரை நான் செய்வது இது. அப்பாவின் குறிப்புகள் இப்போது சாதாரண எழுத்துக் கோப்புகளாக, ஆண்டு மாதம் நாள் என்று பெயரிட்டு ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. நோட்பேடிலும் திறக்கும், அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியிலும் திறக்கும். புதிதாக ஒரு செயலியை யார் பரிந்துரைத்தாலும் அதில் ஒரே ஒரு குறிப்பு எழுதுவேன்: தமிழில் நாலு வரி, ஒரு படம், டிக் போடும் பட்டியல் ஒன்று. மறுநாள் அதை வெளியே எடுத்து, படம் கூட வந்திருக்கிறதா, டிக் போட்டது போட்டபடி இருக்கிறதா, தேதி நேற்றையதா இன்றையதா என்று பார்ப்பேன். இன்றையதாக இருந்தால் அந்தச் செயலியை அப்போதே நீக்கிவிடுவேன்.