பட்டுவாடா ஆகாத சரித்திரம்

எனக்குத் தெரிந்து, தமிழில் தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்த கடிதங்களில் மிகப் பழையதை அனுப்பியவர் நம்ம டெல்டாக்காரர். கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சத்திமுத்தத்துப் புலவர். பரிசில் தேடி மதுரைக்குப் போன இடத்தில், போர்த்தத் துணி இல்லாமல் குளிரில் வெடவெடத்துக்கொண்டு, வானத்தில் போன நாரையைக் கூப்பிட்டு வீட்டுக்காரிக்குச் சேதி சொல்லியனுப்பினார். கொடுத்த விலாசத்தைக் கேளுங்கள்: ஊர்க் குளம், ஈரச் சுவர் வைத்த கூரை வீடு, பல்லி என்ன சொல்லுமோ என்று காத்திருக்கும் மனைவி. கதவு எண் கிடையாது, தெருவும் கிடையாது. ஐப்பசி மாதத்தில் தஞ்சாவூர்ச் சீமையில் எந்தக் கூரை வீட்டுச் சுவர் காய்ந்திருந்தது?

நாரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதில் வாங்கியவர் நகர்சோதனைக்கு வந்திருந்த பாண்டிய ராஜா. நாரையின் மூக்குக்கு உவமை அகப்படாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர், புலவர் வாயிலிருந்து பிளந்த பனங்கிழங்கு விழுந்ததும் தன் மேலாடையை எடுத்து அவர்மேல் போட்டாராம். புலவருக்குச் சால்வை, ராஜாவுக்கு உவமை. சத்திமுத்தத்து அம்மாளுக்குச் சேதி போனதா என்று மட்டும் இன்றுவரை ஒரு தமிழாசிரியரும் விசாரித்ததில்லை.

இதற்கு நேர்மாறான ஆள் அனுமார். எங்கள் ஊர் நீடாமங்கலம் சந்தானராமர் கோயிலுக்குப் போகிறவர்கள் அவரை ஒரு தபால்காரராக நினைத்துப் பார்த்தால் மரியாதை இன்னும் கூடும். கணையாழியை உரியவர் கையிலேயே கொடுத்தார். அக்னாலட்ஜ்மென்ட் கார்டுக்குப் பதிலாகச் சூடாமணியை வாங்கிவந்து அனுப்பியவரிடம் ஒப்படைத்தார். வழியில் ஒரு கடலே குறுக்கே கிடந்தும் 'முகவரியாளர் இல்லை' என்று எழுதித் திருப்பவில்லை. பட்டுவாடா முடிந்த கையோடு ஊரைக் கொளுத்தினாரே, அது ஒன்றுதான் பணிப் பதிவேட்டில் கரும்புள்ளி. இப்போதைய விதிப்படி சஸ்பென்ஷன் நிச்சயம்.

அப்புறம் வெகுகாலத்துக்குத் தபால் என்பது ராஜா வீட்டுச் சமாசாரம். தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாபசிம்மர் காலத்தில் அவருடைய மனைவி யமுனாம்பாள் பெயரில் நீடாமங்கலம் யமுனாம்பாள்புரம் ஆனது. வழிப்போக்கர்களுக்குச் சத்திரமும் வந்தது. ராஜாவின் ஓலையைச் சுமந்து வந்தவன் அங்கே இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் கண்ணயர்ந்திருப்பான் என்பது என் ஊகம். இந்த ஊர்ச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உடனே ஓட முடியாது. டெல்டாவில் தாமதத்துக்கு அதுதான் ஆதி காரணம்.

சென்னையில் பொதுத் தபாலாபீஸ் திறந்தது 1786-இல். கும்பினி வைத்த ரன்னர், முனையில் சலங்கை கட்டிய ஈட்டியோடு ஓடினான். சலங்கை காட்டுமிருகத்தை விரட்ட என்பார்கள். நம் பக்கம் புலி ஏது? ஆறுதான். நீடாமங்கலத்துக்கு மேற்கே மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் போகிறது. ஒரு ஆற்றைத் தாண்டிவிட்டோம் என்று ரன்னர் வேட்டியைப் பிழிவதற்குள் அடுத்தது வந்துவிடும். சலங்கைச் சத்தத்துக்கு வெள்ளம் ஒதுங்கியதாகச் செய்தி இல்லை.

அந்தக் காலத்தில் தூரத்துக்குத் தகுந்த கூலி. 1854-இல்தான் கால் தோலா எடைக் கடிதம் இந்தியாவில் எந்த மூலைக்கும் அரை அணா என்று ஆயிற்று. அதே வருஷம் கல்கத்தாவில் நாலணா ஸ்டாம்பை இரண்டு நிறத்தில் அச்சடிக்கப் போய், சிலவற்றில் விக்டோரியா மகாராணியின் தலை கீழாக விழுந்துவிட்டது. தபால் இலாகா கையில் சிக்கினால் மகாராணிக்கும் அதே கதிதான். இன்று அந்தத் தலைகீழ் மகாராணிக்குத்தான் ஏலத்தில் கிராக்கி.

ஸ்டாம்பு ஒட்டாத கடிதத்துக்கு வாங்குகிறவர் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். நம் ஜனங்களா விடுவார்கள்? உறையின் மேலேயே ஓர் அடையாளம் போட்டு அனுப்பினால், வாங்குகிறவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, சேதியைத் தெரிந்துகொண்டு, 'வேண்டாம்ப்பா' என்று திருப்பிவிடலாம். சீமையிலேயே இந்த வித்தை நடந்தது. 1879-இல் கால் அணா கார்டு வந்தபின் இந்தக் கஷ்டமும் இல்லை. கார்டை முதலில் தபால்காரர் படிப்பார், அடுத்து டீக்கடை பெஞ்சு, கடைசியாக விலாசதாரர். கார்டு தொலைந்தாலும் சேதி தொலையாது. 'பேத்தி பொறந்திருக்காளாம்லண்ணே' என்று ஆற்றங்கரையிலேயே பட்டுவாடா ஆகிவிடும்.

ரயில் எங்களுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1861, 62-இல் அகலப் பாதை போட்டார்கள். பிறகு அதைப் பிடுங்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் யோசித்து, மறுபடி பிடுங்கி அகலப் பாதையே போட்டார்கள். பார்சலைத் தப்பான ஊருக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து வரவழைப்பது கேள்விப்பட்டதுதான். தண்டவாளத்தையே அப்படிச் செய்தவர்கள் இவர்கள். நீடாமங்கலம் - மன்னார்குடி கிளைப் பாதை இன்னும் விசேஷம். 1970-களில் மூடியது 2011-இல்தான் திரும்பக் கிடைத்தது. ஒரு ரயிலே இத்தனை வருஷம் டிரான்ஸிட்டில் இருக்கலாம் என்றால் உங்கள் தபால் எம்மாத்திரம்?

நாகப்பட்டினம் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பணம்தான் இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்கு ஓடு போட்டது. மணியார்டர் 1880-இல் ஆரம்பித்தது. மணியார்டர் வருகிற வீட்டில் தபால்காரருக்கு மோர் உண்டு, தொகை பெரிசானால் காப்பி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்ததும் எல்லாம் நின்றது. மூன்றரை வருஷம் பணமில்லை, கடிதமில்லை, ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பெண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு தாமதத்தை மட்டும் என்னால் கேலி செய்ய முடியவில்லை.

தந்தி நேர் எதிர்: அது ஒருநாளும் தொலைந்ததில்லை, தொலைந்தால் தேவலை என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். பிரிக்கும் முன்பே ஒப்பாரி ஆரம்பித்துவிடும். பிரித்துப் பார்த்தால் பையன் பரீட்சையில் பாஸ். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு பையனைத் திட்டுவார்கள். 2013 ஜூலையில் தந்திக்கே தந்தி அடித்துவிட்டார்கள்.

விலாசக் குழப்பத்துக்கு வருவோம். திருமங்கலம், சத்தியமங்கலம், நீடாமங்கலம் என்று மங்கலத்துக்கா பஞ்சம்? மழையில் முதல் பாதி அழிந்தால் கடிதம் மதுரைப் பக்கமும் போகலாம், ஈரோட்டுப் பக்கமும் போகலாம். இதற்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது. வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர், மராட்டியர், சம்ஸ்கிருதக் கவிஞர். ஒரு புலவர் நாரையிடம் கொடுத்த அரைகுறை விலாசத்தை இன்னொரு புலவர் ஆறு இலக்கத்தில் அடக்கினார். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். நீடாமங்கலத்துக்கு 614404. சத்திமுத்தத்தார் காலத்தில் இது இருந்திருந்தால் சேதி வீட்டுக்குப் போயிருக்கும். சால்வை கிடைத்திருக்காது.

இத்தனைக்கும் நடுவில் வெள்ளைக்காரன் செய்த உண்மையான சாதனை ஒன்று உண்டு. 1898-ஆம் வருஷத்து இந்தியத் தபாலாபீஸ் சட்டம், ஆறாவது பிரிவு. தபால் தொலைந்தாலும், ஆள் மாறிப் போனாலும், தாமதமானாலும், சேதமானாலும், தானே முன்வந்து ஏற்றுக்கொண்டாலொழிய சர்க்கார் பொறுப்பல்ல. சிப்பந்தியும் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால்தான் மாட்டுவார். கடிதம் ஒவ்வொன்றாகத் தொலையும் முன்பே பொறுப்பை மொத்தமாகத் தொலைத்துவிட்டார்கள். சுதந்திரம் வந்தது, சட்டம் நின்றது. 2023-இல் புதுத் தபாலாபீஸ் சட்டம் கொண்டுவந்து பழசைத் தூக்கினார்கள். ஆவலாகப் பிரித்துப் பார்த்தால் பத்தாவது பிரிவில் அதே கை விரிப்பு: விதிகளில் சொன்ன பொறுப்பைத் தவிர வேறு பொறுப்பு இல்லை. நூற்றிருபத்தைந்து வருஷத்தில் சேதாரமில்லாமல் பட்டுவாடா ஆனது அந்தப் பிரிவு ஒன்றுதான்.

தனியார் கூரியர் வந்தால் விடிவு என்றார்கள். இப்போது பார்சல் எங்கே இருக்கிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் செல்போன் சொல்கிறது. வரத்தான் மாட்டேன் என்கிறது. வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கே 'வீடு பூட்டியிருந்தது' என்று குறுஞ்செய்தி வருகிறது. பாவம், பையன்களையும் குறை சொல்ல முடியாது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் என்று ஒன்று இருக்கிறது. தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலையின் கழுத்தில் கைவைத்து நிற்கிறது. மன்னார்குடி ரயிலுக்கு இன்ஜினை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு மாற்றி மாட்ட வேண்டும். அறுப்புக் காலமென்றால் அரவைக்குப் போகிற நெல் மூட்டைகளோடு சரக்கு ரயில் நிற்கும். ரயிலில் போகிற தபாலும் பஸ்ஸில் போகிற தபாலும் பைக்கில் போகிற பார்சலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இடம் அது. அங்கே வேர்க்கடலை விற்கிறவரின் சரக்கு மட்டும் சொன்ன நேரத்தில் உரியவர் கைக்குப் போகிறது.

ஆகவே வெளியூர் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பின்கோடைத் தெளிவாக எழுதுங்கள், கைப்பேசி எண்ணைப் பெரிதாகப் போடுங்கள், தீபாவளிக்கு வர வேண்டியதை ஆடிப்பெருக்குக்கே அனுப்புங்கள். பால்கோவா மட்டும் வேண்டாம்.