மாதிரிக் குழியில் தன்னார்வலர்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மாதிரி அகழாய்வு என்பது, பெரியவர்கள் முந்தின நாள் மாலை புதைத்ததைப் பிள்ளைகள் மறுநாள் காலை தோண்டி எடுப்பது. கீழடி பேசப்படத் தொடங்கியதிலிருந்து தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்துக் கோடை முகாம்களில் அபாகஸ், கீபோர்டு, கராத்தே வரிசையில் இதுவும் தலைகாட்டுகிறது. தோண்டும் பிள்ளையைப் படம் எடுக்கக் கூட்டம் நிற்கிறது. புதைத்த தன்னார்வலரை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. அறிவுலகின் இந்தப் பாராமுகத்தைக் கண்டிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தன்னார்வலர் யார்? குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் "ஞாயித்துக்கிழமை யாராவது உதவிக்கு வர முடியுமா?" என்ற செய்திக்குக் கட்டைவிரல் போட்டவர். படித்துவிட்டேன் என்ற பொருளில்தான் போட்டார் என்று கொள்ள வலுவான இடம் உண்டு. ஆனால் மேல்முறையீட்டுக்கு வழி இல்லை. இவர்களுள் தலையாயவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். தாம்பரத்தில் இவ்வினத்துக்குப் பஞ்சமில்லை. நூல்குண்டு, ரசமட்டம் சகிதம் வருவார். குழியின் நான்கு மூலையும் மட்டத்துக்கு வரும்வரை ஒரு பிள்ளையையும் இறங்க விடமாட்டார். நிஜ அகழாய்வில் குழிகளுக்கு நடுவே மண்ணடுக்கைப் படிப்பதற்காகத் தோண்டாமல் விடும் குறுக்குச் சுவரை இவரும் விடுவார். பிள்ளைகள் இறங்கியதும் அது நடைபாதையாகும். சற்று நேரத்தில் மண்ணாகும்.

புதைபொருள் தேர்வு தனி இயல். பானையோடு வேண்டுமென்றால் முழுப் பானை வாங்க வேண்டும் என்பது தன்னார்வலரின் அனுமானம். சாலையோர மண்பாண்டக் கடையில் இது தகர்கிறது. "ஒடைக்கவா வாங்கறீங்க? அதுக்கு ஒடஞ்சதே கெடக்குது, அள்ளிக்கினு போங்க சார்" என்கிறார் கடைக்கார அம்மா. அள்ளி வந்தது அத்தனையும் சிவப்பு. கீழடியில் கிடைப்பதோ கறுப்பு-சிவப்பு. சூளையில் கலத்தைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறம் கறுத்து, வெளிப்புறம் சிவக்கும் என்பது தொல்லியலார் தரும் விளக்கம். அடுக்ககத்தில் சூளைக்கு அனுமதி இல்லாததால் ஷூ பாலிஷ் பூசப்படுகிறது. மறுநாள் முதல் ஓடு வெளிவந்ததும் ஒரு சிறுமி அதை முகர்ந்துவிட்டு, "அங்கிள், சங்ககாலத்துல ஸ்கூல் இருந்துச்சா?" என்று கேட்டாள். பதில் நிலுவையில் உள்ளது. கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருந்ததை ஒட்டி, நம்மவர் காம்பஸ் முனையால் தம் மகள் பெயரைக் கீறுகிறார். விளைவாகப் பிற தாய்மார்கள் நடுவில் எழும் கேள்விகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

மண்ணடுக்குக்கு வருவோம். மேலே பேவர் பிளாக்கும் அதன் அடியில் எம்-சாண்டும். அடுத்து, யாரோ குளியலறையை இடித்துக் கட்டிய காலத்து டைல்ஸ் சில்லு. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமாக இருந்தால் அதற்குக் கீழே 2015 டிசம்பர் வண்டல். அந்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அதற்கும் கீழே ஏரிக் களிமண் தட்டுப்படலாம். அது ஏன் வீட்டு மனையில் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், தண்ணீர் குடிக்க இடைவேளை விடுவது வழக்கம்.

இங்கேதான் தன்னார்வலரின் சங்கடம் தொடங்குகிறது. அவர் கையில் புதைத்தவற்றின் பட்டியல் இருக்கிறது. குழியிலிருந்து வருவதோ பட்டியலில் இல்லாதது. டைல்ஸ் சில்லு, செல்போன் சார்ஜரின் வால், ஒரு கருங்கல் ஜல்லி. "தாத்தா, இது கற்கோடாரியா?" "ஜல்லிடா கண்ணா. தூக்கிப் போடு."

தீர்ப்பு அவசரப்பட்டது என்பது என் துணிபு. தாம்பரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். 1863 மே 30 அன்று, கத்திரி முடிந்த கையோடு, நிலவியல் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே பரேடு மைதானத்துச் சரளைக் குழியில் ஒரு கல்லைப் பொறுக்கினார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அவருக்காக யாரும் முந்தின நாள் வந்து புதைக்கவில்லை, பட்டியலும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கம். அங்குள்ள கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகள் வரை போகும் என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தார்கள்.

ஆனால் ஃபூட் எடுத்தது குவார்ட்சைட். ஜல்லி இந்தப் பக்கத்து மலைகளை உடைத்தெடுத்த சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல்லும் இதே வகைதான். பாறைக்குப் பெயரே அந்தக் கல்லறையால் வந்தது. ஆகவே தாத்தா சொன்னது சரி. தூக்கிப் போடச் சொன்னது மட்டும் தவறு.

மாலையில் கணக்குப் பார்த்ததில் ஒன்று குறைந்தது: தன்னார்வலர் தம் மாமியாரிடம் சொல்லாமல் எடுத்துவந்து புதைத்த பித்தளைக் குங்குமச்சிமிழ். பிள்ளைகள் சான்றிதழோடு போன பிறகு, செல்போன் வெளிச்சத்தில் தாம்பரத்தின் முதல் கலப்படமற்ற அகழாய்வு நடந்தது. எங்கே இருக்கிறது என்று தோண்டுபவருக்கே தெரியாது. சிமிழ் கடைசியில் சல்லடைக் கழிவுக் குவியலில் அகப்பட்டது. அங்கே போட்ட பையனை விசாரித்ததில், "அது கடையில வாங்கினதுன்னு பாத்தாலே தெரியுதே, அங்கிள்" என்றான். அவன் கால்சட்டைப் பையில் ஜல்லி இருந்தது.