ஐந்து விரலையும் விரித்துக் காட்டுங்கள்

உத்திரமேரூர் என்று சொன்னாலே நம் தலைவர்களுக்கு மெய்சிலிர்த்துவிடும். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், அந்த மேடையிலேயே இந்த ஊர்க் கல்வெட்டைப் புகழ்ந்தார். மாநிலத்தை ஆள்கிறவர்களும் ஆண்டவர்களும் பாடுவது அதே பாட்டுதான்: ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல் கண்ட ஊர், குடவோலை தந்த ஊர். பேசி முடித்ததும் கல்வெட்டுச் சுவருக்கு முன்னால் நின்று ஒரு படம். அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் படத்துக்கு நிற்காமல் நழுவியிருப்பார்கள்.

அந்தப் புகழுரைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, 2021 பிப்ரவரியில், உத்திரமேரூரை அடுத்த மதூர் கல்குவாரியில் பாறையும் மண்ணும் சரிந்தன. அடியில் வேலை பார்த்தவர்கள் சிக்கினார்கள். உயிர் போனது. சாவுக்குப் பிறகு செய்ய வேண்டியதில் நம் அரசு இயந்திரம் குறையே வைக்காது. தீயணைப்பு வண்டி வரும், மீட்புப் படை வரும், இரங்கல் வரும், நிவாரணம் வரும், விசாரணைக்கு உத்தரவும் வரும். ஆள் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியதற்குத்தான் அதற்குக் கை வராது.

குவாரி ஏன் சரிகிறது என்பது பெரிய ரகசியம் இல்லை. பாறையை மேலிருந்து படிபடியாக வெட்டிக்கொண்டு இறங்க வேண்டும், ஒரு படி ஆறு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டுச் சுரங்க ஒழுங்குமுறை சொல்கிறது. ஆனால் படி விட்டால் அந்தப் படிக்கு அடியில் இருக்கும் கல் அத்தனையும் அப்படியே நின்றுபோகும். நிற்கிற கல்லுக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஆகவே படியையும் சேர்த்து விற்றுவிடுகிறார்கள். மிஞ்சுவது செங்குத்தாக நிற்கும் ஒரு சுவர். வெடி வைக்க வைக்க அதில் விரிசல் ஓடும், மழைநீர் இறங்கும், ஒருநாள் பிளந்துகொண்டு வரும். அதற்கடியில் பொக்லைன் ஓட்டுகிறவனுக்கும் துளை போடுகிறவனுக்கும் தலைக்கவசம் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு ஏற்பாடு பூர்த்தி. முப்பது அடி உயரத்திலிருந்து லாரி அளவு பாறை விழும்போது அந்தப் பிளாஸ்டிக் தொப்பி காப்பாற்றும் என்று அதை வாங்கிக் கொடுத்தவரே நம்பமாட்டார். ஆய்வுக்கு வருகிறவருக்காக வாங்கியது அது.

மதூரோடு முடிந்ததா? 2022 மே 14 இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் ஏறக்குறைய 300 அடி ஆழக் குவாரியில் ஆறு பேர் சிக்கி நான்கு பேர் செத்தார்கள். 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் ஆறு பேர். அடைமிதிப்பான்குளத்துக்குப் பிறகு அந்த மாவட்டக் குவாரிகளை அளந்து பார்த்து 262 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள் என்றும், அது மேலே போய் 14 கோடிக்குள் சுருங்கிவிட்டது என்றும் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் சொன்னது. பாறைதான் சரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அபராதமும் சரிகிறது. அதன் அடியில் மட்டும் யாரும் சிக்குவதில்லை.

சரி, சுவரைப் படிப்போம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்குமோ என்ற சந்தேகம்! ஊர்ப் பெரியவர் என்றும் பாராமல் சந்தேகப்பட்டார்கள் பாருங்கள், அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

யாருடைய பெயர் குடத்துக்குள் போகக் கூடாது என்ற பட்டியல் இன்னும் ருசியானது. ஏதாவது ஒரு வாரியத்தில், அதாவது ஊர்க் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய அப்பன், மகன், அண்ணன் தம்பி, மாமன், மாமனார், மருமகன், மச்சினன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், அக்காள் தங்கை புருஷன் என்று தேடித்தேடி அடைத்திருக்கிறார்கள். பினாமி என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் ஆளைத் தெரிந்திருக்கிறது. இந்த உறவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய குவாரிக் குத்தகைகளையும் கிரஷர் உரிமங்களையும் டாரஸ் லாரிகளின் ஆர்.சி. புத்தகங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க யாராவது துணிவார்களா? மச்சினனில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் மாவட்டமே காலியாகிவிடும். கள்ளக் கையெழுத்துப் போட்டவனும், குற்றத்துக்காகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவனும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. கல் ஏற்றிப் போக வாங்கிய நடைச்சீட்டு ஒன்று, நடை நான்கு என்று லாரி ஓட்டுகிறவர்களையும், அதைப் பார்த்தும் பார்க்காமல் முத்திரை குத்துகிறவர்களையும் ஏற்றுவது என்று முடிவெடுத்தால் கழுதைக்கு எங்கே போவது?

ஒன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. அந்தச் சபை பிராமணர் ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவன் பெயர்தான் குடத்துக்குள் போனது. அந்தக் கல்வெட்டைச் செதுக்கியவனுடைய பெயரோ, கல்லை உடைத்துக் கொண்டுவந்தவனுடைய பெயரோ ஓலையில் ஏறியிருக்க வழியில்லை. இன்றைக்கு அவன் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, கணக்குக் கேட்கும் பழக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று வைத்திருந்த ஊர் இது. குவாரியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று என்ன நடக்கிறது? பள்ளம் ஆழமாக ஆழமாகச் சுற்றியுள்ள கிணற்று நீர் அங்கே போய் ஊறுகிறது. அதை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விட்டுவிட்டு மறுபடி வெட்டுகிறார்கள். வெடி வைத்தால் சுவரில் கீறல். போய்ச் சொன்னால், வீடு கட்டிய மேஸ்திரி சரியில்லை என்கிறார்கள். நெற்பயிரின் இலைமேல் கிரஷர் தூள். விடிவதற்குள் வரிசை கட்டும் லாரிகளுக்காக ஊர்ச்சாலை போட்டுக்கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. பிள்ளைகள்தான் ஓரமாக ஒதுங்கிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சிறுகனிமச் சலுகை விதிகளில் இருக்கிறது. டேப்பை எந்த முனையிலிருந்து பிடிப்பது என்பதில்தான் சாமர்த்தியம். குத்தகை முடிந்தால் வேலி போடாத குழி மிஞ்சும், அதில் மழைநீர் நிற்கும், கோடை விடுமுறையில் நீச்சல் தெரியாத பையன்கள் இறங்குவார்கள். அதற்கும் நிவாரணம் உண்டு.

இதே மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரம் கிராம சபை 2022-லிருந்து தீர்மானத்துக்குமேல் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறது. குடவோலையைப் பார்த்துச் சிலிர்த்தவர்கள் யாருக்கும் இந்த ஓலையைப் பார்த்துச் சிலிர்ப்பு வரவில்லை.

சரிவுக்கு வேறொரு நாடு என்ன விலை கொடுத்தது தெரியுமா? அயர்லாந்தில் டெரிபிரையன் என்று ஒரு மலைக்கிராமம். அங்கே பாறை இல்லை. புல்லும் பாசியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிச் சேர்ந்த ஈரமான சதுப்பு மண். 2003 அக்டோபரில், 70 காற்றாலைகள் நிறுவும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அந்தச் சதுப்பு பெயர்ந்து வழிந்து ஆற்றில் இறங்கி மீன்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை ஒழுங்காகச் செய்யவில்லை என்று 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அங்கேயும் அரசாங்கம் அரசாங்கம்தான். பதினொரு வருஷம் இழுத்தடித்தார்கள். 2019 நவம்பரில் நீதிமன்றம் 50 லட்சம் யூரோ அபராதம் போட்டு, தீர்ப்பை நிறைவேற்றும் வரை நாளொன்றுக்கு 15,000 யூரோ கட்டு என்றது. அதற்குப் பிறகுதான் சூடு உறைத்தது. 2022-இல் அந்தக் காற்றாலைகளையே மூடிவிடுவதாக அறிவித்தார்கள். செத்தது மீன். இங்கே செத்தவர்கள் மனிதர்கள். நாள் கணக்கில் அபராதம் போட்டால் நம் ஆட்களுக்கு எத்தனையாவது நாளில் உறைக்கும் என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் நம் வழி வேறு. வேலையை முடித்துவிட்டுப் பிறகு வந்து சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிக்கொள்ளும் வசதியை 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. ஆறு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. சுவர் சரிந்த பிறகும் அனுமதிக்கு மனுப் போடலாம் என்ற நம்பிக்கை குவாரிக்காரருக்குத் திரும்பிவிட்டது.

உத்திரமேரூர் வட்டாரத்து ஜனங்களே, வருஷத்துக்கு ஆறு கிராம சபை கூட்ட உங்களுக்கு அனுமதி இருக்கிறது. அடுத்ததில் டீயும் பிஸ்கட்டும் வருவதற்குள் கேளுங்கள்: குத்தகை யார் பெயரில், அவர் யாருக்கு மருமகன், நடைச்சீட்டு எத்தனை, லாரி எத்தனை, படி விட்டிருக்கிறதா என்று சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி கடைசியாக எப்போது வந்து பார்த்தார், போட்ட அபராதத்துக்கு ரசீது எங்கே. பதில் சொல்ல வேண்டிய அதிகாரி வரவில்லையென்றால், வரவில்லை என்பதையே தீர்மானமாக எழுதி வையுங்கள். கீழே போடும் கையெழுத்தை மட்டும் உங்கள் கையாலேயே போடுங்கள். இல்லாவிட்டால் வராதவர்களெல்லாம் வந்ததாக அந்தப் புத்தகம் சொல்லும்.