விதி எண் 9

நான் நடத்தும் பாடத்துக்குச் சமூக மருத்துவம் என்று பெயர். மாணவர்கள் பி.எஸ்.எம். என்பார்கள், சொல்லும்போதே கொட்டாவி வந்துவிடும். கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் நடுவே 50 அடி ஏன், எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் முட்டையிடும், வெனிஸ்காரர்கள் கப்பல்களை 40 நாள் கடலிலேயே நிறுத்திவைத்ததிலிருந்து ‘குவாரன்டைன்’ என்ற சொல் எப்படி வந்தது, இதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறிக்குக் கீழே. பாடநூலான பார்க், விடுதியில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கப் பயன்படுவதை உதவி வார்டன் என்ற முறையில் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சைத் துறைக்காரர்களுக்கு நான் ‘கொசு மேடம்’.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை. அதற்குள் பிள்ளைகளை ஊருக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் டீன் அறையிலிருந்து அழைப்பு. ஆறு வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “அதென்னம்மா 14 நாள் கணக்கு?” கிருமி உள்ளே போன பிறகு நோய் வெளியே தெரிய ஐந்தாறு நாள் ஆகும், இழுத்தால் 14 வரை போகும் என்று சொன்னேன். இதயநோய்த் துறைத் தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டார். அந்தக் காட்சியை மனசுக்குள் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். பம்பாய் பிளேக்குக்காகக் கொண்டுவந்த 1897-ஆம் வருடத்துக் கொள்ளைநோய்ச் சட்டம், 1939-ஆம் வருடத்து மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். கிடைத்த மேடையை விடுவேனா?

எனக்கு ஊர் குளித்தலை. கல்லூரி திருச்சிப் பக்கம். சனிக்கிழமை போய் அம்மாவைப் பார்த்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன்; காவிரிக்கரை ரோட்டில் 35 கிலோமீட்டர் சுமார். ஜூன் 1 முதல் மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்தார்கள். மண்டலத்துக்குள் தடையில்லை, தாண்டினால் இ-பாஸ். கரூர் மாவட்டம் முதல் மண்டலம், திருச்சி நான்காவது. ஆகவே குளித்தலைக்காரர்கள் மேற்கே கோயம்புத்தூர் வரைக்கும் கையை வீசிக்கொண்டு போகலாம். கிழக்கே பக்கத்திலிருக்கும் பெட்டவாய்த்தலைக்கு இ-பாஸ் வேண்டும். அம்மாவுக்குக் காலங்காலமாகக் கண் டாக்டரும் ஜவுளிக்கடையும் திருச்சியில்தான். “கோயமுத்தூர் போற கிருமிய விட்டுடுவாங்களாம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு போற கிருமியத்தான் பிடிப்பாங்களாம். இதத்தான் நீ பாடமா எடுக்கிறியா?” என்றாள்.

என்னை அடையாள அட்டை காப்பாற்றியது, ஒருநாள் தவிர. எல்லையில் நின்ற போலீஸ்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணை வைத்து அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. “டாக்டர்னா ஸ்டெத் எங்கம்மா?” பி.எஸ்.எம். ஆளிடம் ஸ்டெத் ஏது? அலமாரியைக் குடைந்து படித்த காலத்துப் பழசை எடுத்தேன். குழாய் பிசுபிசுத்துப் போயிருந்தது. காரின் முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டேன். அதன் பிறகு யாரும் அட்டையே கேட்கவில்லை.

டிசம்பர் 7 முதல் மருத்துவக் கல்லூரிகளைத் திறக்கலாம் என்று அரசு சொன்னது. எங்கள் கல்லூரிக்கு விதிமுறை எழுதும் வேலை என்னிடம் வந்தது. 23 விதிகள் எழுதினேன். (எட்டு மாதம் ஒருவரும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.) அறைக்கு ஒரு ஆள். 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சான்று. ஆறடி இடைவெளி. இந்த ஆறடியால் அனாட்டமி துறையோடு சண்டை. ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றுதான் அறுத்துப் படிக்க முடியும். ஆறடி தள்ளி நின்றால் கத்தி எட்டாது. “என் ஹால்ல உன் விதிய ஒழுங்கா கடைப்பிடிக்கிறது ஒரே ஆள்தாம்மா. அவரு மேசை மேல படுத்திருக்காரு” என்றார் பேராசிரியர். உருப்படியான ஒரே யோசனையைச் சொன்னவரும் அவர்தான். ஹால் வாசலில் நிறுத்தி, ஃபார்மலின் நெடி அடிக்கிறதா என்று கேள்; அடிக்கவில்லை என்கிறவனை நேரே பரிசோதனைக்கு அனுப்பு. அந்த நெடியே தெரியவில்லை என்றால் மூக்கு சுத்தமாகப் படுத்துவிட்டது என்று அர்த்தம்.

விதி 9 நானாக ஆசைப்பட்டுச் சேர்த்தது. ‘வெளி மாவட்டம் சென்று திரும்பும் எவரும் ஏழு நாள் விடுதி அறையில் தனிமையில் இருக்க வேண்டும்.’ மாநிலத்துக்குள் இ-பாஸே வேண்டாம் என்று அரசாங்கம் செப்டம்பர் 1-ஆம் தேதியே விட்டுவிட்டது. எனக்குத்தான் விட மனசு வரவில்லை. வகுப்பில் மூன்றாம் வருடத்துப் பையன் ஒருவன் எழுந்து, “மேடம், எவரும்னா ஸ்டாஃபுமா?” என்று கேட்டான். “எவரும்னா எவரும்தான். கிருமி டிகிரி பார்க்காது” என்றேன். கைதட்டல் வேறு.

இதையெல்லாம் வாசலில் நடத்திவைத்தவர் எங்கள் செக்யூரிட்டி அண்ணன். மில்லில் டைம் கீப்பராக இருந்தவர். துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியை ஆளின் நெற்றிக்கு நேரே நீட்ட அவருக்குக் கூச்சம், மணிக்கட்டில்தான் வைப்பார். மார்கழிக் காலையில் பைக்கில் வந்த கை எப்படி இருக்கும்? 91, 92, சில சமயம் 90.4. உடம்பு 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா, அவசர சிகிச்சை சமாச்சாரம். அண்ணன் அழகான கையெழுத்தில் ‘நார்மல்’ என்று எழுதுவார். அந்த நோட்டை நம்பினால் கல்லூரியில் ஒருவர் பாக்கியில்லாமல் விறைத்துக் கிடந்திருக்க வேண்டும். கருவி சரியில்லை என்று கடிதம் எழுதினேன். அதே கருவி இன்னும் இரண்டு வந்தன. நோட்டில் கையெழுத்துப் போட ஒரே பேனா, சணலில் கட்டியது. சானிடைசரைப் பேனா பிடிப்பதற்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று என் 23 விதிகளில் எங்கேயும் இல்லை.

பொங்கல் முடிந்த ஞாயிறு. ஸ்டெத் ஆடும் காரில், அம்மா கட்டிக்கொடுத்த கரும்போடு வாசலுக்கு வந்தேன். அண்ணன் கையைக் காட்டினார்.

“எங்கேருந்து மேடம்?”

“ஊர்லேருந்துதாண்ணே. குளித்தலை.”

“கரூர் மாவட்டம்.” நோட்டுக்குள்ளிருந்து சுற்றறிக்கையை எடுத்தார். “விதி ஒம்போது.”

“அண்ணே, அத எழுதினதே நான்தான்.”

“தெரியும் மேடம். கீழ ஒங்க கையெழுத்து இருக்கு.”

1995-இல் திருச்சியிலிருந்து கரூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது எங்கள் ஊரும் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் அதற்கு முன்னாலேயே பிறந்தவள். என் பிறப்புச் சான்றிதழில் திருச்சி மாவட்டம் என்றுதான் இருக்கிறது. அதையும் சொல்லிப் பார்த்தேன்.

“பொறந்த எடம் கேக்கல மேடம். போயிட்டு வந்த எடம்.”

எனக்குப் பின்னால் ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவன் ‘எவரும்’ பையன். மெஸ்ஸுக்கு முட்டை வாங்கி வந்திருந்தான். உள்ளூர் முட்டை, வெப்பம் பார்த்து உள்ளே விட்டார்கள்.

ஏழு நாள் என் விடுதி அறையில் இருந்தேன். டீனுக்குப் போன் செய்தேன், “நீயே சொல்லும்மா, எப்படி மீறுறது?” என்றார். சாப்பாடு வாசல் ஸ்டூலில் வரும், தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். படிக்க ஏதாவது கொடுங்கப்பா என்று கேட்டதற்கு மறுநாள் ஸ்டூலில் பார்க் இருந்தது, அட்டை ஓரத்தில் கதவு அழுத்திய தழும்போடு. நானே உட்கார்ந்து தனிமைப்படுத்தல் அத்தியாயத்தைப் படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே கண் செருகியது.

காலையும் மாலையும் அண்ணன் ஜன்னலுக்கு வருவார். கம்பிக்கு வெளியே கையை நீட்டுவேன்.

“தொண்ணூத்தொண்ணு புள்ளி ஆறு. நார்மல் மேடம்.”

நோட்டை உள்ளே நீட்டினார். பின்னாலேயே, சணலோடு, பேனாவும் வந்தது.