இரண்டு மணி நேரம் கொடுங்கள்

கேள்வி: மனநோய் உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் உறவினருக்குத் தீபாவளிப் பரிசாக ஸ்வீட் பாக்ஸ் போதாதா?

பதில்: அதை உட்கார்ந்து சாப்பிட அவருக்கு நேரம் இருக்கிறதா? நோயாளியுடன் இருக்க உங்கள் இரண்டு மணி நேரத்தைக் கொடுங்கள். உதாரணமாக, இருமுனை மனநோயில் தூக்கம் கெட்டாலே மிகை எழுச்சி (மேனியா) திரும்பக்கூடும். மனநல மருத்துவம் நன்கறிந்த உண்மை இது. தீபாவளியோ நள்ளிரவு வரை வெடி, விடியுமுன் எண்ணெய்க் குளியல் என்று தூக்கத்தைப் பறிக்கும் பண்டிகை. ஊர் கொண்டாடும் இரவில் அந்த வீட்டு அம்மாவோ மனைவியோ கண்விழித்துக் காவலிருக்கிறார். பல கிளினிக்குகளும் மூடியிருக்கும். 'அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடலாமா?' என்று தயங்குவீர்கள். நோயைப் பற்றித் துருவிக் கேட்டால்தான் தலையீடு. பண்டிகைக்கு முன்பே மாத்திரை கையிருப்பைக் கேட்டு வாங்கித் தந்தால் அது பெரிய துணை. 'நமக்குப் பயிற்சி இல்லையே' என்பது நியாயமான கவலை. ஆனால் நோயாளி நிதானமாக இருக்கும் நேரத்தில், அவருக்குப் பழகிய சித்தப்பாவோ அத்தையோ கூட உட்கார்ந்து டி.வி. பார்க்க என்ன பயிற்சி வேண்டும்? பார்த்துக்கொள்பவர் அதற்குள் கோயிலுக்குப் போகலாம். தூங்கவும் செய்யலாம், அதுவே மேல். நிலைமை மிஞ்சினால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவச அரசுச் சேவையில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நோயாளிக்காக மட்டுமன்றி, பராமரிப்பவர் தன் மனச்சோர்வுக்காகவும் அழைக்கலாம்.