பிடிஎஃப் புலவர்கள்

கல்வராயன் மலையில் கரியாலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் உண்டு, படகுத்துறை உண்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேற பஸ் உண்டு. மனிதர்களும் உண்டு. ஆனால் நம் பல்கலைக்கழகங்களின் வரலாறு, மானிடவியல், நாட்டுப்புறவியல் துறைகளுக்கு அது ஊர் இல்லை, தேடுசொல். அதைத் தட்டினால், "அரியலூரைத் தேடுகிறீர்களா?" என்று தேடுபெட்டி பரிவோடு கேட்கிறது. பாதி ஆய்வாளர்கள் ஆமாம் என்று அங்கேயே இறங்கிவிடுவார்கள் போலிருக்கிறது.

மீதிப் பாதி கெட்டிக்காரர்கள். மலைமக்களுக்கு அரசு ஏட்டில் உள்ள பெயரைத் தட்டுகிறார்கள்: மலையாளி. உடனே ஓணம் வருகிறது, மோகன்லால் வருகிறார், துபாயிலிருந்து பணம் அனுப்புவோர் புள்ளிவிவரம் வருகிறது. இத்தனை கேரளத்தையும் ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒரு வெள்ளைக்காரரின் காலடியில் போய் விழுகிறார்கள். எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளில் அடக்கியவர். ஆட்களைப் பிடித்து நிறுத்தி மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் கருவி வைத்து அளந்தவர். அந்த ஏழு தொகுதியும் இன்று இணையத்தில் இலவசம், எழுத்து எழுத்தாகத் தேடலாம், அப்படியே எடுத்து ஒட்டலாம். நூறாண்டு கழித்தும் தர்ஸ்டன் தமிழ்நாட்டில் தினமும் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிறார். மேடைக்கு மட்டும் வேறு ஆள் போகிறார்.

தர்ஸ்டனிலும் சேலம், தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர்களிலும் ஒரு கதை உண்டு. மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூவர் மூன்று மலைக்குப் பிரிந்து போனார்கள் என்று. கதையில் குற்றமில்லை. அது பயணம் செய்கிற விதத்தைப் பாருங்கள். கெசட்டியரிலிருந்து ஆய்வேட்டுக்கு, ஆய்வேட்டிலிருந்து விக்கிபீடியாவுக்கு, அங்கிருந்து அடுத்த ஆய்வேட்டுக்கு. அதற்குள் அது 'களஆய்வில் கண்டறியப்பட்ட வாய்மொழி வழக்காறு' ஆகிவிடுகிறது. பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் வேறு. எடுத்துப் பாருங்கள், வயது 60, 65, 70, 75 என்று வாய்ப்பாடு மாதிரி போகும். ஐந்துக்கு இடைப்பட்ட வயதில் அந்த மலையில் யாரும் பிறக்கவே இல்லை. எல்லோருக்கும் தொழில் விவசாயம், எல்லோருக்கும் கல்வி இல்லை. கல்வி யாருக்கு இல்லை என்பதை அந்தப் பட்டியலைப் படித்தவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

அடிக்குறிப்பில் நடப்பது இன்னொரு கூத்து. ஆய்வாளர் பார்த்தது, இந்திய மின்னூலகத் திட்டத்தில் யாரோ அவசரத்தில் ஸ்கேன் செய்து, பின்னால் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏறிக்கிடக்கிற ஒரு பிடிஎஃப். அந்தத் திட்டத்தில் தலைப்பு தப்பும் தவறுமாக ஏறிய புத்தகங்கள் எத்தனையோ உண்டு. சிலவற்றில் நடுவே பக்கம் தலைகீழாக இருக்கும், சிலவற்றில் ஓரத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் தெரியும். அடிக்குறிப்பிலோ, "சென்னை: அரசு அச்சகம், 1909" என்று கம்பீரமாக நிற்கும். கன்னிமாரா நூலகத்தில் தும்மிக்கொண்டே தூசு தட்டிப் படித்த மாதிரி. கட்டைவிரலுக்கு ஒரு நன்றிகூட இல்லை.

இது உலகம் முழுக்க நடக்கிறது என்று சமாதானம் சொல்வார்கள். நடக்கிறதுதான். கனடாவில் இயன் மில்லிகன் என்ற வரலாற்றாசிரியர் இதை எண்ணியே காட்டினார். அந்நாட்டு வரலாற்று ஆய்வேடுகளில் 'டொரன்டோ ஸ்டார்' நாளிதழ் 1998இல் மேற்கோளாக வந்தது 74 தடவை. அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்கள் சொல் தட்டித் தேடும்படி இணையத்தில் ஏறிய பிறகு, 2010இல் 753 தடவை. ஆய்வேடுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான். பத்திரிகை திடீரென்று முக்கியமாகிவிடவில்லை, கைக்கு எட்டியது, அவ்வளவுதான். லாரா புட்னம் 2016இல் அமெரிக்க வரலாற்று ஆய்விதழில் இதையே இன்னும் காரமாகக் கேட்டார்: எந்த நாட்டு ஆவணத்தையும் இருந்த இடத்திலிருந்து தேடலாம் என்றானபின், அந்த நாட்டு மண்ணையும் மனிதரையும் தெரியாமலே அதன் வரலாற்றை எழுதிவிட முடிகிறதே, இது யாருக்கு லாபம் என்று. அவர்கள் தங்கள் நோயைத் தாங்களே எழுதி அச்சடிக்கிறார்கள். நாம் அதை ஆய்வு முறையியல் என்று மூன்றாம் இயலில் வைக்கிறோம்.

இங்கே கைக்கு எட்டுவது எது? 'டைம்ஸ் ஆப் இந்தியா' 1838 முதல் சொல் சொல்லாகத் தேடக் கிடைக்கிறது, சந்தா கட்டிய பல்கலைக்கழகத்துக்கு. எனவே தென்னார்க்காட்டுப் பஞ்சத்தை பம்பாய்க்காரன் கண்ணால் பார்க்கிறோம். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய 'சுதேசமித்திர'னைப் பார்க்க வேண்டுமென்றால் மைக்ரோஃபிலிம் சுருளைக் கழுத்து வலிக்கச் சுற்ற வேண்டும். கழுத்து முக்கியம். பொன்னாடை போடும் இடம் அல்லவா.

சரி, சமகாலத்தைத் தேடுவோம் என்று கல்வராயன் மலை என்று தட்டினால் என்ன கொட்டுகிறது? சாராயம். ஊறல் அழிப்பு, பேரல் பறிமுதல், மறுபடி ஊறல் அழிப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கொன்றது மெத்தனால். மெத்தனால் மரவள்ளி மாதிரி மலையில் விளைவதில்லை, தொழிற்சாலைச் சரக்கு. ஆனாலும் போலீஸ் படை மலையேறியது, கேமராக்கள் கூடவே ஏறின, தேடுபெட்டி நிரம்பியது. அதிலிருந்து இனி எத்தனை கட்டுரை வரும் பாருங்கள்: 'கல்வராயன் மலைவாழ் மக்களின் மதுப் பண்பாடு – ஓர் ஆய்வு'. காவல்துறையின் பத்திரிகைக் குறிப்பை எடுத்து, வினைமுற்றை மாற்றி, மேலே ஒரு பிரெஞ்சு அறிஞர் பெயரைத் தூவினால் சமூக அறிவியல் ஆகிவிடுகிறது.

இதே மலையில் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களின் கொடி 1976 வரை பறந்தது. சுதந்திரம் வந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து, நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசு மலையைக் கையில் எடுத்தது. நாட்டில் எல்லோருடைய உரிமையும் பறிபோன வருஷத்தில் கல்வராயன் மலைக்கு அரசாங்கமே வந்து சேர்ந்தது. இதைவிடக் கசப்பான வேடிக்கை இந்திய வரலாற்றில் நிறைய இல்லை. ஜாகீர்தாரின் கீழ் பிறந்து, அவர் ஆட்சியில் வாலிபமானவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு அளந்தோம், எந்த வேலைக்குக் கூலி இல்லை, சர்வே சங்கிலி முதலில் எந்தக் காட்டில் விழுந்தது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். ஸ்கேன் செய்த ஏடுகளில் இருப்பது ஜாகீர்தாரின் உரிமை பற்றிய வழக்காடல். குடியானவனின் தரப்பை யாரும் நகல் எடுக்கவில்லை. அந்தக் கிழவர்களின் வாயில், ஸ்கேன் பக்கத்து எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் வேலை செய்யாது என்பதால் நம் அறிஞர்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒன்றிரண்டு பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிடிஎஃப் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

தேடிக் கிடைப்பதே ஆவணம் என்று இன்னும் சொல்பவர்களுக்கு ஒரு பெயர் போதும்: வாச்சாத்தி. சித்தேரி மலையடிவாரம், அதே மலையாளிப் பழங்குடிகள். 1992 ஜூன் 20ஆம் தேதி அங்கே என்ன நடந்தது என்று அந்த மாதத்து அரசுக் காகிதத்தில் தேடியிருந்தால் கிடைத்திருக்கும் விடை: சந்தனக் கட்டை கடத்தல் தடுப்பு நடவடிக்கை. மூன்று துறைகள் சேர்ந்து செய்த பணி. சுத்தமான தாள், முறையான எண், நல்ல கையெழுத்து. உண்மையில் நடந்தது ஊரைச் சூறையாடி, பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது. அது எப்படி வெளியே வந்தது? மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகமும் தோழர்களும் நடந்து போய்க் கேட்டதால். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் பாமதி நேரில் போய் அறிக்கை எழுதியதால். பத்தொன்பது வருஷம் அந்தப் பெண்கள் கோர்ட் வாசலில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னதால். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் சாகாமல் மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை. அதாவது, நம் ஆய்வேடுகளின் 'முதன்மைச் சான்றுகளை' எழுதித்தருகிற அதே மூன்று துறைகள். மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் தீர்ப்புச் சொல்லுமுன் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். கட்டுக்கட்டாகக் காகிதம் மேசை மேல் இருந்த நீதிபதிக்குப் போய்ப் பார்க்கத் தோன்றியது. பயணப்படியும் படிப்பு விடுப்பும் உள்ள பேராசிரியர்களுக்குத் தோன்றவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மின்னாக்கம் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 1998இல் சம்பளமில்லாமல் தட்டச்சுச் செய்யத் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததன் வலி தெரிந்து 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கியவர்களும், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களும் கும்பிடத்தக்கவர்கள். அவர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். இவர்கள் வாசற்படியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள்.

2023 அக்டோபரில் கணினித் திருடர்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தை முடக்கினார்கள். அட்டவணை மாதக்கணக்கில் திறக்கவில்லை. நம் ஊரில் 'மூலம் கிடைக்கவில்லை, ஆய்வு தடைப்பட்டது' என்று அவகாசம் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். கரியாலூர் பஸ் அந்த மாதங்களிலும் ஓடியது.

ஆய்வேடு எப்படியும் முடிந்துவிடும். பிறகு திருட்டுச் சோதனை. 2018ஆம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி பத்து சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. ஏடு பழைய பாமினி எழுத்துருவில் இருந்தால் இன்னும் வசதி. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. மென்பொருள் எதனோடு ஒப்பிடும்? தர்ஸ்டனைத் தமிழில் திருடினால் கருவியில் எளிதில் சிக்காது, மூக்கை அளக்கத்தான் கருவி இருந்தது.

அப்புறம் பொது வாய்மொழித் தேர்வு. நெறியாளர், புறத்தேர்வாளர், முதல் வரிசையில் மாமனார் வீட்டார், பின்னால் கேசரி வாசனை. புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்கிறார்: "தம்பி, தர்ஸ்டன் நான்காம் தொகுதி மேற்கோள் நிறைய இருக்கு. பக்க எண் எங்கேயும் இல்லையே?"

"பிடிஎஃப்ல பக்க எண் சரியா விழலைங்க ஐயா."

"அதனால என்ன, புத்தகமா வரும்போது போட்டுக்கங்க," என்கிறார் அவர். கைதட்டல். கேசரி ஆறுவதற்குள் முனைவர்.