வெண்டைக்காய் மகோற்சவம்

நேற்றும் அந்தப் படம் வந்தது. ஒரு வெண்டைக்காய், அதைச் சுற்றி ஏழு பிள்ளைகள், பதினான்கு கை. அறுவடையாம். நான் ஹார்ட் போட்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள், போடாவிட்டால் மருமகள் முகம் இரண்டு நாளைக்குத் தெளியாது.

பேத்தியின் மழலையர் பள்ளியில் பிள்ளைகளே விதைத்து, வளர்த்து, பறித்து, சமைக்கிறார்களாம். வளர்ப்பது வாட்ச்மேன். சனி, ஞாயிறு தண்ணீர் விடுவதும் அவர்தான். படத்தில் மட்டும் இருக்கமாட்டார். செடி நிற்பது பிளாஸ்டிக் பையில். பைக்குள் ஆன்லைனில் வரவழைத்த தென்னைநார்த் தூள். மதிலுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு!

இதில் அடிப்படையான கோளாறு ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அவியல்.

பறித்த அன்று வகுப்பிலேயே இன்டக்‌ஷன் அடுப்பை வைத்து அவியல் செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தடவை கரண்டியைத் தொட்டார்கள். தொடட்டும். உள்ளே போட்டது என்ன? கேரட், பீன்ஸ், காலிஃபிளவர், கூடவே இந்த வெண்டைக்காய். ஏன், வடசேரி கனகமூலம் சந்தையில் சேனை கிடைக்காதா? தடியங்காய்? ஏத்தங்காய், புடலை, சீனியவரை, வெள்ளரி, முருங்கை எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கி, சேனையை முந்தி வேகவிட்டு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாயை ஒன்றிரண்டாகச் சதைத்து (மையாக அரைத்தால் அது கூட்டு), புளிப்புக்கு மாங்காயோ தயிரோ சேர்த்து, இறக்கிய பிறகு பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். இறக்கிய பிறகு! அடுப்பில் கொதிக்கும்போதே எண்ணெய் ஊற்றுகிறவர்களோடு எனக்குப் போக்குவரத்து கிடையாது. வெண்டைக்காயைப் புளிக்கறி வையுங்கள், பச்சடி வையுங்கள், யார் வேண்டாமென்றது? கல்யாணப் பந்தியில் அவியலுக்குள் வெண்டைக்காய் கிடந்தால் வைப்புக்காரர் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆரல்வாய்மொழி தாண்டித்தான் வேலை தேடவேண்டும். கேரட்டைக்கூட நிறத்துக்காகப் பொறுத்துக்கொள்வேன். காலிஃபிளவரை மாட்டேன்.

"நீங்க அங்க போயி ஒண்ணும் பேசாண்டாம்" என்றாள் வீட்டுக்காரி. பேசவில்லை. எழுதுகிறேன்.

இனி அந்தக் கோளாறு. ஜெர்மனியில் 1837-இல் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஃபுரோபெல் ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுத்தார். பாத்தி என்றால் தரையில். நம் அங்கன்வாடிகளை 1975-இல் மத்திய அரசு தொடங்கியது. வாசலில் முருங்கையும் கீரையும் நிற்கிற அங்கன்வாடிகள் இன்றும் உண்டு. அங்கே உதவியாளர் அம்மா முருங்கைக்கீரையை உருவி மத்தியானச் சோற்றில் சேர்க்கிறார். அதற்கு யாரும் ஹார்ட் போடுவதில்லை.

பேத்தி பள்ளி நிற்கிற இடம், நான் பார்க்க, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானல் வழியாக வந்து பாய்ந்த நிலம். லாரி லாரியாகச் செம்மண் அடித்து மேடாக்கினார்கள்.

இன்று காலையில் குரூப்பில் அடுத்த அறிவிப்பு. வெண்டைக்காய் முடிந்ததாம், இனி நெல்லாம், தொட்டியில். பெற்றோர் ஆளுக்கு ஒரு பை வயல்மண் கொடுத்தனுப்ப வேண்டுமாம். "கட்டடத்துக்கு அடியில் நிறைய இருக்கிறது" என்று மருமகள் போனிலிருந்து பதில் போட்டேன். அதற்கும் யாரோ ஹார்ட் போட்டிருக்கிறார்கள். மருமகள் இன்னும் பார்க்கவில்லை.